கல்லில் வெட்டிய மருந்துச் சீட்டு

அளவம்மா காலமாகிப் பதினோரு மாதம் கழித்துத்தான் கல்லூரிக்கு அவர் மேல் மரியாதை வந்தது. வந்த மரியாதை சும்மா வரவில்லை, ஒரு குழுவோடு வந்தது. அதற்கு மரபு போற்றும் குழு என்று பெயர். அதன் கீழே மூன்று துணைக்குழுக்கள்: கல் துணைக்குழு, மேடைத் துணைக்குழு, உணர்ச்சித் துணைக்குழு. விழாவில் யார், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் கண்கலங்குவது என்பதை மூன்றாவது பார்த்துக்கொள்ளும்.

அந்த மருந்தியல் கல்லூரியில் முப்பத்து நாலு வருடம் மருந்து கலக்கக் கற்றுக்கொடுத்தவர் அளவம்மா. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் "அளவு பார்த்தியா?" என்றுதான் முதலில் கேட்பார். விடுப்புக் கடிதம் நீட்டியவர்களிடமும் அதையே கேட்டிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்ற இடமெல்லாம் அளவம்மாதான்.

முதலில் சிலை வைப்பதாகத்தான் இருந்தது. சிலைக்கு முகம் வேண்டும். கிடைத்த பதினேழு புகைப்படங்களிலும் அளவம்மா குனிந்து அளவுக் குவளையின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், உச்சந்தலைதான் தெரிந்தது. உச்சந்தலைக்குச் சிலை வைத்த முன்னுதாரணம் இல்லை என்று கல் துணைக்குழு எழுதிக் கொடுத்தது. சரி, அவர் கைப்பட எழுதிய மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, பெரிய கறுப்புக் கல்லில் அப்படியே வெட்டி வாசலில் நிறுத்துவோம் என்று முடிவாயிற்று. அவருடைய பீரோவைத் திறந்தார்கள். உள்ளே தேர்வுக்காக அவர் எழுதிய பழைய மருந்துச் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. முக்கால்வாசி கோழி கிளறியது மாதிரி கிறுக்கல். மீதி முத்து முத்தாக இருந்தது. குழு அதில் ஒன்றை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. ஒருவரும் படிக்கவில்லை. அழகைப் பார்க்கப் படிக்க வேண்டிய அவசியமில்லையே.

அதோடு விட்டிருக்கலாம். மேடைத் துணைக்குழுவுக்கு அடுத்த யோசனை வந்தது. அந்தச் சீட்டில் உள்ள மருந்தை விழா மேடையிலேயே கலக்க வேண்டும், தலைமை விருந்தினராக வரும் மருந்துத் துறை ஆணையர் அதில் ஒரு வாய் அருந்தி மரபை ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. கலக்க ஆள் தேடியபோதுதான் சங்கடம் தெரிந்தது. ஆசிரியர்கள் அறுபத்திரண்டு பேர். திரையில் படம் போட்டுப் பாடம் நடத்துவதில் ஒவ்வொருவரும் மன்னர். மருந்து அரைக்கும் கலுவத்தில் கை வைத்தவர் ஒருவரும் இல்லை. கலுவம் மிஞ்சியதே ஒன்றுதான். அதுவும் முதல்வர் அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டாகக் கிடந்தது.

கடைசியில், கல்லூரி மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த மூணாந்தடவை என்ற பெண்மணிக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவருக்கு அந்தப் பட்டம் அளவம்மாவின் செய்முறைத் தேர்வை மூன்றாம் தடவை எழுதித் தேறியதால் வந்தது. இப்போது வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். வருடா வருடம் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வேலை உண்டு. இந்த வருடக் கையெழுத்து இன்னும் விழவில்லை. அதனால் அழைப்பு வந்ததும், அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கை கழுவிக்கொண்டு ஓடினார்.

குழு அறையில் அவரை உட்காரச் சொல்லி, கல்லில் வெட்டப்போகும் சீட்டின் படத்தை முன்னால் வைத்தார்கள். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். 

அந்தச் சீட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். அளவம்மாவின் தேர்வில் நாலு சீட்டுகள் வரும். மூன்று ஒழுங்கானவை. ஒன்று பொறி. பொறியில் மட்டும் எங்கோ ஒரு விஷ அளவு உட்கார்ந்திருக்கும். மூன்று சீட்டையும் வைத்தியர்கள் மாதிரி கிறுக்கிவிட்டு, பொறியை மட்டும் தன்னுடைய அழகான எழுத்தில் எழுதுவார். அழகாக எழுதியிருந்தால் எவரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்த மருந்தைக் கலந்து கொண்டுபோனால் தோல்வி. வெறும் பாட்டிலை நீட்டி, "கொடுக்க மாட்டேன், எழுதியவரைக் கேட்க வேண்டும்" என்றால் வெற்றி. மூணாந்தடவை முதல் தடவை தேன் மாதிரி கலந்து கொண்டுபோய்த் தோற்றார். யாருக்கு இந்த மருந்து என்று அளவம்மா கேட்க, பரீட்சைக்கு என்று சொல்லியிருந்தார். இரண்டாம் தடவை பயத்தில் நாலையும் வெறும் பாட்டிலாக நீட்டித் தோற்றார். காய்ச்சல்காரனுக்கு மருந்தில்லை என்று சொல்லவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று அன்றைக்கும் கிடைத்தது.

குழுவின் முன்னால் இருந்தது அந்தப் பொறி. மூன்று வயதுக் குழந்தைக்குத் தூக்க மருந்து. இருக்க வேண்டியதற்குப் பத்து மடங்கு.

"ஐயா, இது தப்பான சீட்டு" என்றார்.

"அம்மாவோட கையெழுத்துதான், சரிபார்த்தாச்சு" என்றார் குழுச் செயலாளர்.

"கையெழுத்து அவங்களோடதுதான். அளவுதான் தப்பு. வேணும்னே தப்பா எழுதினாங்க. நாங்க கண்டுபிடிக்கணும்னு."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான், எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் பேசுவார்.

"அம்மாவைப் போற்றத்தான் இங்க கூடியிருக்கோம். நீங்க வந்து, அம்மா எழுதினது தப்புன்னு சொல்றீங்க. உங்களை மூணு தடவை உட்கார வச்ச கோபம் இன்னும் போகலயா?"

"ரெண்டு தடவைதான் ஐயா உட்கார வச்சாங்க. மூணாவதுல விட்டுட்டாங்க."

இது பதிவு செய்யப்பட்டது. ஆட்சேபணை முறைப்படி நிபுணர் குழுவுக்குப் போயிற்று. மூன்று நிபுணர்கள். முதலாமவர், தன் ஆராய்ச்சி எலிகளில் என்பதால் குழந்தைகளைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையாகாது என்றார். இரண்டாமவர் தாளைச் சோதித்து அது பழைய தாள்தான் என்று உறுதி செய்தார். மூன்றாமவர் முதல் இருவர் சொன்னதோடு உடன்பட்டார். அறிக்கை இரண்டு வரி: சீட்டு வரலாற்றுப்படி சரியானது. மருத்துவப்படி சரியானதா என்பது இக்குழுவின் வரம்புக்குள் வராது.

கல் வந்து வாசலில் நின்றது. ஆள் உயரம். திறப்பு விழாவுக்கு முன்னாலேயே முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அதைப் பார்த்து எழுதிவரும்படி பணி கொடுத்துவிட்டார்கள். 'முன்மாதிரி மருந்துச் சீட்டு' என்று தலைப்பு. ஒரு மதியம் மூணாந்தடவை அந்தப் பக்கம் போனபோது, ஒரு பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தார். விஷ அளவும் முத்து முத்தாக இறங்கியிருந்தது.

இந்த அளவு ஒரு குழந்தைக்குத் தாங்குமா என்று அவளிடம் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையான பெண்தான்.

"கல்லுலயே இருக்கு, ஆன்ட்டி" என்றாள்.

அன்றே செயலாளரிடம் போனார். அங்கே இன்னொரு செய்தி காத்திருந்தது. விழா முடிந்த மறுநாள் காலை கல்லைப் புகைப்படம் எடுத்து, சுவர் அட்டையாக அச்சடித்து, நாலாயிரம் மருந்துக் கடைகளுக்கு அனுப்பப் போகிறார்களாம். கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டிவைக்கலாம், பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று செயலாளர் பூரித்துச் சொன்னார். மூணாந்தடவை எண்ணிப் பார்த்தார். நாலாயிரம் கடை. அதில் ஒரு கடையில் ஒரே ஒருவன் அதை அப்படியே நம்பினால் போதும்.

மறுநாள் முதல்வரே கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை கண்ணாடி மூக்கில் இருந்தது. மூணாந்தடவையின் ஒப்பந்தக் கோப்பும் மேசை மேல் இருந்தது. முதல்வர் பிரியமாகப் பேசினார். ஆணையர் மருந்தைக் குடித்து எக்குத்தப்பாக ஏதாவது ஆகிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கும் இல்லாமல் இல்லையாம். அதனால் ஒரு வழி: வெல்லம் கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிவிட்டால் போதும். மேலே லேபிள் மட்டும் சீட்டில் உள்ளபடி இருக்கட்டும்.

"கல்லு ஐயா?" என்றார் மூணாந்தடவை.

"கல்லை யாரு குடிக்கப் போறா?" என்றார் முதல்வர். கோப்பின் மேல் இரண்டு விரலால் லேசாகத் தட்டினார். விழா முடிந்த கையோடு இதில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். அவர் தையற்காரர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, தன் தொழிலிலும் அளவு முக்கியம்தான், ஆனால் வாடிக்கைக்காரர் கேட்டால் ரெண்டு இஞ்சு விட்டுத் தைப்பதில்லையா என்றார். வெல்லத் தண்ணீரால் யாருக்கு என்ன கெடுதல், பத்தொன்பது வருடத்து வேலையை ஒரு ஸ்பூன் வெல்லத்துக்காக விடுவார்களா என்று கேட்டார்.

"உங்க சட்டை இறுக்கினா பித்தான் தெறிக்கும்" என்றார் மனைவி. "என் பாட்டில் அப்படி இல்லீங்க. மேல ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு ஊத்தினா, அப்புறம் நான் எதை எழுதினாலும் யாரு நம்புவா?"

"வேலை போயிடும்."

"போகும்."

 தையற்காரர் விழாவுக்கு எந்தப் புடவை என்று கேட்டு, அதை வாங்கி ஓரம் மடித்துத் தைக்க உட்கார்ந்தார். அவர் பங்குக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

விழா பிரமாதமாக நடந்தது. உணர்ச்சித் துணைக்குழு நிர்ணயித்த இடத்தில் நாலு பேர் கண்கலங்கினார்கள். ஐந்தாமவர் வரிசை மாறிச் சீக்கிரமே கலங்கிவிட்டதால் செயலாளர் முறைத்தார். முதலில் பேசியவரும் செயலாளர்தான். அளவம்மா காலத்தில் இந்தக் கல்லூரியில் நூற்றுக்கு நாற்பது பேர் தோற்றார்கள் என்றும், அவர் ஓய்வு பெற்ற பிறகு, கடந்த பதினோரு வருடமாக ஒருவர்கூடத் தோற்கவில்லை என்றும் கைதட்டலுக்கிடையே அறிவித்தார். எப்படி என்றும் அவரே விளக்கினார்.

"எதுல எல்லாம் பிள்ளைங்க தோத்தாங்களோ, அதை எல்லாம் பாடத்திலேருந்து எடுத்துட்டோம்."

அடுத்து முதல்வர். அவரும் அளவம்மாவின் மாணவர்தான், மூன்று மாதத்துக்கு. செய்முறைத் தேர்வு நெருங்கியதும் வேறு கல்லூரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதை அவர் மறைக்கவில்லை. அம்மா தன்னிடம் கேட்ட ஒரு கேள்வி இன்றைக்கும் காதில் ஒலிக்கிறது என்றார். அன்றைக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது, ஆனாலும் இந்த நாற்காலி வரைக்கும் வந்துவிட்டேன், இதைவிட அந்த ஆசிரியைக்கு என்ன பெருமை வேண்டும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். இது உணர்ச்சித் துணைக்குழுவின் பட்டியலில் இல்லாதது, தானாக வந்தது.

திரை விலகியது. மேசை, கலுவம், தராசு, அளவுக் குவளை, மருந்துகள், ஒரு காலி பாட்டில். ஓரம் மடித்த புடவையில் மூணாந்தடவை நின்றார். ஆணையர் கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு தயாரானார்.

மூணாந்தடவை சீட்டை எடுத்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முழுவதையும் படித்தார். பிறகு தராசைத் தொடவில்லை. பேனாவை எடுத்து லேபிளில் எழுதி, காலி பாட்டிலில் ஒட்டி, கொண்டுபோய் ஆணையர் முன்னால் வைத்தார். லேபிளில் இருந்தது இதுதான்: கொடுக்கவில்லை. எழுதியவரைக் கேட்க வேண்டும்.

ஒலிபெருக்கி மட்டும் உய்ங் என்று கொஞ்ச நேரம் கத்தியது.

"எழுதினவங்க இறந்துட்டாங்கம்மா" என்றார் முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்போ யாராலயும் கொடுக்க முடியாது ஐயா. இது குழந்தைக்கு எழுதின அளவு. கொடுத்தா எந்திரிக்காது. எங்களுக்கு அது தெரியுதான்னு பார்க்கத்தான் அம்மா இதை எழுதினாங்க. இதைக் கலந்தா அவங்க என்னை நாலாம் தடவை தேர்வுக்கு உட்கார வைப்பாங்க."

 எல்லோரும் ஆணையரைப் பார்த்தார்கள். ஆணையர் காலி பாட்டிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீழே வைத்தார். மடியிலிருந்த கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு" என்றார். "எனக்கு எப்படியும் சர்க்கரை இருக்கு."

சபை நிம்மதியாகச் சிரித்தது, கைதட்டியது. மலர்ச்செண்டு கொடுத்தார்கள். ஆணையர் கார் ஏறிப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் விழாக் குறிப்பு தட்டச்சாகி வந்துவிட்டது: 'மருந்து கலக்கும் நிகழ்ச்சி நேரமின்மை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. விழா முழு வெற்றி.' கீழே சம்பந்தப்பட்ட ஊழியர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒப்பந்தக் கோப்பும் இருந்தது. இரண்டிலும் கையெழுத்து ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று செயலாளர் பேனாவை நீட்டினார்.

மூணாந்தடவை குறிப்பைப் படித்தார். நேரம் நிறைய இருந்தது என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

வேலை போவது ஒருபக்கம் இருக்கட்டும். கல் அப்படியேதான் நின்றது. காலை பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வந்துவிடுவார்.

மறுநாள் காலை ஆறரைக்கு மூணாந்தடவை கல்லெழுத்து வெட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்தார். கல்லை வெட்டியவரே அவர்தான். காவலாளி எழுந்து, குழு வேலையா என்று கேட்டார். இல்லை, என் வேலை என்றார் மூணாந்தடவை. அப்படியானால் சரி, குழு வேலை என்றால் கடிதம் கேட்க வேண்டியிருக்கும் என்று காவலாளி மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

மருந்துப் பதிவேட்டில் ஒரு தப்பு விழுந்துவிட்டால் அதைச் சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான அளவு. அதற்குப் பக்கத்தில் திருத்தியவரின் அடையாளம், தேதி. அதைத்தான் வெட்டச் சொன்னார். வெட்டுகிறவர் உளியை வைத்துவிட்டு ஒரு தடவை யோசித்தார்.

"நான் எழுத்தைத்தான் பார்த்தேன், அளவு எனக்கு எங்க தெரியும்? ஆனா அம்மா, காகிதம்னா பரவால்ல. இது கல்லு. நீங்க சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"அதுக்குத்தான் என் அடையாளத்தையும் சேர்த்து வெட்டச் சொல்றேன்."

"பேரு என்னன்னு போடட்டும்?"

"பேரு வேண்டாம். என் பதிவு எண்ணைப் போடுங்க. தப்புன்னா பிடுங்கிக்கறதுக்கு அதுதான் என்கிட்ட இருக்கு."

எட்டரைக்கெல்லாம் வேலை முடிந்தது. பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வந்தார். கல் நடுவில் ஒரு கோடு இருக்கிறதே என்று செயலாளரைக் கேட்டார். கோட்டைக் கல் துணைக்குழு அழகுக்குப் போட்டிருக்கும் என்று செயலாளர் நினைத்தார். கல் துணைக்குழு, உணர்ச்சித் துணைக்குழு போட்டதாக நினைத்தது. நாலாயிரம் அட்டையும் கோட்டோடு, சரியான அளவோடு, பதிவு எண்ணோடு அச்சாகி, கட்டுக் கட்டாக ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. அனுப்பும் வரை குழுவில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

கடைகளிலிருந்து கேள்வி வர ஆரம்பித்த பிறகுதான் கல்லூரிக்குத் தெரிந்தது. உடனே விசாரணைக் குழு போட்டார்கள். கல்லைச் சேதப்படுத்தியவர் யார் என்று ஆறு வாரம் விசாரித்தார்கள். பதிவு எண் கல்லிலேயே இருந்தது, ஆனால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு. கல்லை அகற்றலாமா என்று பார்த்தார்கள். அளவம்மா எழுதியதை அகற்றினால் அவருக்கு அவமரியாதை. கோட்டை அடைக்கலாமா என்று பார்த்தார்கள். அடைத்தால் அளவு தப்பு என்று தெரிந்தே அடைத்ததாகிவிடும். எனவே கோடு இருக்கட்டும், ஊழியர் போகட்டும் என்று தீர்ப்பாயிற்று. பத்தொன்பது வருடம் கழித்துத் தற்காலிகம் என்ற சொல் உண்மையாயிற்று.

இப்போது மூணாந்தடவை பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு சின்ன மருந்துக் கடையில் இருக்கிறார். முன்பைவிட மூன்று மணி நேரம் அதிகம் நிற்க வேண்டும், கால் வீங்குகிறது. பதிவு எண்ணை வைத்து விசாரித்துக்கொண்டு அங்கேயும் போன் வருகிறது. கடைக்காரருக்கு முதலில் எரிச்சல். இது மருந்துக் கடையா, விசாரணை அலுவலகமா என்று முணுமுணுப்பார். ஆனால் அட்டையை அவரும் கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டித்தான் வைத்திருக்கிறார்.

போன வாரம் ஒரு காலை நேரம், கூட்டம் நெரிகிறபோது போன் வந்தது. தூரத்து ஊர். ஆண் குரல், வயது முப்பதுக்குள் இருக்கும்.

"அட்டையில இருக்கற நம்பர் நீங்கதானே, மேடம்? என் கையில ஒரு சீட்டு இருக்கு. அதே தூக்க மருந்து. நாலு வயசுக் குழந்தை. நீங்க கோடு போட்டு அடிச்சீங்க பாருங்க, கிட்டத்தட்ட அந்த அளவு. குழந்தையோட அம்மா வாசல்ல நிக்கறாங்க."

"பாட்டிலைத் திறந்துட்டீங்களா?"

"இல்ல."

"எழுதினவரைக் கேட்டீங்களா?"

"பெரிய டாக்டர் மேடம். கேட்டா திட்டுவாரு."

"திட்டட்டும். இன்னொரு போன் இருக்கா? அதுல அவரைக் கூப்பிடுங்க. இதை வைக்காதீங்க, நான் இருக்கேன்."

கடைக்காரர் வரிசையைக் காட்டி ஜாடை செய்தார். மூணாந்தடவை ஒரு விரலை உயர்த்திவிட்டு, காதை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்தது. பையன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். பிறகு ஒரு கனத்த குரல் கத்தியது, யார் நீ, எத்தனை வருஷம் படிச்ச, என்னையே கேள்வி கேக்கறியா என்று.  பையன் போனை வைக்கவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. 

அப்புறம் அதே கனத்த குரல் வந்தது, கொஞ்சம் தணிந்து.

"நான் எவ்வளவு எழுதியிருக்கேன்? படிச்சுக் காட்டு."